மச்சில் நடக்கிற சத்தம்: கோதிக் நாவல் வாசித்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலை வாசகி:

பெரிய பழைய வீடு, அதற்குள் புதிதாக வந்து சேரும் பெண், பூட்டிய அறை, வாய் திறக்காத வேலைக்காரி, குடும்பத்தில் யாரும் பேர் சொல்லாத ஒரு ஆள். கோதிக் காதல் நாவல் என்றால் இவ்வளவுதானே என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இவ்வளவும் பிடிக்கும். நம்ம பக்கத்து ஆட்கள் இவற்றை எப்படி வாசித்தீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. கதைச் சுருக்கம் வேண்டாம். வாசித்தபோது எது ஒட்டியது, எது ஒட்டவில்லை, அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ‘ஜேன் ஐர்’ வாசித்தது அம்மை வழி வீட்டில், ஒரு மழைக்காலத்தில். அம்மை வழியில் மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். ஓட்டு வீடு, மரத்தட்டு போட்ட மச்சு. மூன்றாம் மாடியில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன், மச்சில் யாரோ திடுதிடுவென்று ஓடுகிறார்கள். புஸ்தகம் கையில் இருந்து விழுந்துவிட்டது. வலியம்மை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “மரநாய் மக்கா. சக்கைப்பழம் மணம் பிடிச்சு வந்திருக்கும். நீ படி.”

மறுநாள் அவளுக்குக் கதையைச் சொன்னேன். ஜமைக்காக்காரி ஒருத்தியை 30,000 பவுன் சீதனத்துக்காக ரோச்செஸ்டருக்கு அவன் அப்பன் கட்டி வைக்கிறார், அவளுக்குப் புத்தி பேதலித்ததும் ரோச்செஸ்டர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மாடியில் பூட்டி வைக்கிறான் என்றதும் வலியம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அவளுக்கு அம்மை வீடு இல்லியா? ஆங்ஙளமார் யாரும் வந்து கேக்கலியா?” (ஆங்ஙளை என்றால் உடன்பிறந்தவன்.)

“ஒரு ஆங்ஙளை வந்தான். அவனைத்தான் கடிச்சு வச்சா.”

“கூட்டிட்டுப் போகாம பின்ன எதுக்கு வந்தான்? கடிக்கத்தான் செய்வா.”

அந்த நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்க்கவில்லை. வலியம்மை கணக்கில் வீடு பெண்ணுடையது, புருஷன் வந்து போகிற ஆள். பூட்டி வைக்க அவனுக்கு அங்கே அறையே கிடையாது. அதனால் இந்த வகைக் கதை நம்ம மண்ணில் நடக்கவே முடியாது என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செங்கோட்டைக்காரர்:

அக்கா, எனக்குக் காதல் பகுதியெல்லாம் வேகமாகப் பக்கம் புரட்டுகிற இடம். துப்பு மட்டும்தான் வேணும். இந்த வகைக்கே முதல் என்று சொல்கிற ‘ஒட்ரான்டோ கோட்டை’யைக் கொல்லம் ரயிலில் வாசித்தேன். எங்க ஊரும் 1956 வரை திருவிதாங்கூர்தான், ஊர் நுழைவு வளைவில் சங்கு முத்திரை இன்னும் இருக்கு. ஆரியங்காவுப் பக்கம் குகைக்குள் வண்டி நுழைகிற நேரம், கதையில் கல்யாண மாப்பிள்ளை தலைமேல் ராட்சதத் தலைக்கவசம் விழுந்து அவன் செத்துப் போகிறான். பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனா ஒரு விஷயம் பிடிச்சது. 1764-ல் முதல் பதிப்பு வந்தபோது ஹொரேஸ் வால்போல் தன் பேரைப் போடவில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்து நூலகத்தில் கிடைத்த இத்தாலியப் புத்தகம், 1529-ல் நேப்பிள்ஸில் அச்சானது, நான் மொழிபெயர்த்தவன் மட்டும்தான் என்று வேறொரு பேரில் புளுகி விட்டார். புத்தகம் விற்ற பிறகுதான் உண்மையைச் சொன்னார். குடும்ப ரகசியம் சொல்கிற வகையே கள்ளப் பத்திரத்தில் இருந்துதான் தொடங்குது!

களியக்காவிளையில் இருந்து:

நம்ம மண்ணில் நடக்காதுன்னு சொல்லாதீங்க அக்கா. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ 1891-ல் வந்தது. பஞ்சவன்காட்டில் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறதில்தான் கதையே தொடங்குது. செத்துப் போனதாக ஊர் நம்புகிற காதலன், அவனுக்காகக் காத்திருக்கும் பாருக்குட்டி, யாரென்று தெரியாமல் அலைகிற பிராந்தன் சாந்நான். இதுக்கு மேல் என்ன வேணும்? நான் அதைத் தமிழில் வாசித்துவிட்டு மறு ஞாயிறே பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு (அரண்மனைக்கு) போனேன். இடம் தமிழ்நாட்டில், கொட்டாரம் கேரள அரசின் கையில், அதனால் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தால் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று ஒரு நிமிஷம் குழம்பும். தாய்க் கொட்டாரத்தின் குனிந்து போகிற நிலைப்படி, பகலிலும் இருட்டு, கால் வைத்தால் குளிர்கிற கருப்புத் தரை. சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்க வழி உண்டு என்று சொல்வார்கள்.

ஆனா நான் சொல்ல வந்தது வேறே. அந்த நாவலில் வில்லன்கள் யார்? செத்துப்போன ராஜாவின் சொந்த மகன்கள், தம்பி என்ற பட்டம் உள்ள தம்பிமார். அப்பன் ராஜ்ஜியம் எங்களுக்குத்தான் என்கிறார்கள். மருமகன், அதாவது ராஜாவின் உடன்பிறந்தாள் மகன் மார்த்தாண்டவர்மாதான் நாயகன். இங்கிலாந்து நாவலில் இது அப்படியே தலைகீழாக இருந்திருக்கும். மகனை ஒதுக்கிவிட்டு அக்கா மகன் கோட்டையைப் பிடிக்கிறான் என்றால் அவன்தான் துஷ்டன்.

எங்க கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டில் தம்பிமார் கதை பாடுவாங்க. அதில் தம்பிமார்தான் வீரர்கள், கொல்லப்படுகிற இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நாவலில் ஒரு பக்கத்து நியாயம், பாட்டில் மறுபக்கத்து நியாயம். ரெண்டையும் கேட்டு வளர்ந்தவனுக்குக் கோதிக் நாவலில் ‘உண்மையான வாரிசு’ என்று ஒருவன் கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றால் சட்டென்று நம்ப முடியறதில்லை. யார் சொல்கிற வாரிசு?

தக்கலை வாசகி:

தம்பிமார் கதை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நல்லா இருக்கு. கொட்டாரத்துக்குப் போகிறவர்கள் அப்படியே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்கும் போங்கள். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையில் இருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியான டிலனாய் அங்கேதான் அடக்கம். இடிந்த தேவாலயத்துக்குள் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. அதை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் நான் முன்பணம் கொடுத்து வாங்குவேன்.

பூதப்பாண்டியில் இருந்து:

அக்கா, உங்க வலியம்மை சொன்னது நாயர் வீட்டு நியாயம். நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிலும் மருமக்கள்வழி, அதாவது உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குச் சொத்து போகிற முறை, உண்டு, ஆனா எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குத்தான் போவாள். சொத்து காரணவரின் (குடும்பத் தலைவரின்) மருமக்களுக்கு. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதாவது கிடைத்தால் உண்டு. அதாவது அந்நிய வீடு, அதிகாரம் இல்லாத மனைவி, சுற்றிலும் அவள் எப்போ போவாள் என்று பார்த்திருக்கிற ஆட்கள். கோதிக் நாவலுக்கு இதைவிடத் தோதான வீடு எங்கே கிடைக்கும்? கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ எடுத்துப் பாருங்கள். காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்கிறாள். சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார், ஆனா ‘மாமி அரசியற் படலம்’ வாசித்த கையோடு, செத்துப்போன முதல் மனைவியின் நிழலில் இரண்டாம் மனைவி தவிக்கிற ‘ரெபெக்கா’ நாவலை வாசித்தேன், ரெண்டிலும் ஒரே மூச்சுமுட்டல். கவிமணியில் பேய் மட்டும் இல்லை, அதற்குப் பதில் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’. கோர்ட் ஏறினால் பேய் எதுக்கு.

இனி எங்க வீட்டு விஷயம். பெயர் எதுவும் போடவில்லை.

1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகு எங்க பக்கத்தில் வீடு வீடாகப் பாகம் பிரித்தார்கள். எங்க குடும்பத்தில் ரெண்டு தாவழி (தாய்வழிக் கிளை) என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிலம் சம்பந்தமாக ஒரு சந்தேகம் வந்து பழைய ஆதாரத்தை (பத்திரத்தை) எடுத்தோம். மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு. எங்களில் யாருக்கும் வாசிக்க வராது. களியலில் ஆதாரம் எழுதுகிற ஒரு வயதான ஆளிடம் கொண்டுபோனேன். அவர் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்து, “மூணு தாவழி போட்டிருக்கே, மூணாவது யாருடே?” என்றார்.

பெரியவர்களிடம் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அதாவது, தெரியாது என்று எல்லோரும் ஒரே வேகத்தில் சொன்னார்கள். வாடகை நூல் நிலையத்தில் இந்த மாதிரி நாவலாக எடுத்து வாசித்துத் தள்ளிய என் சித்திதான் அதைக் கவனித்தாள். நான் தட்டட்டியில் கிடக்கிற பெட்டிகளைக் குடைந்துகொண்டிருந்தேன். “புஸ்தகத்திலதான் கடுதாசி பெட்டிக்குள்ள இருக்கும். நீ ரெஜிஸ்டர் ஆபீசில போய் நகல் எடு” என்றாள்.

நகல் கிடைத்தது. மூன்றாவது தாவழிக்கு ஒரே ஒரு பெண், என் பாட்டிக்கு மூத்தவள். பாகம் பிரித்து அதிக காலம் ஆகவில்லை, தன் பங்கை ஒழிந்து கொடுத்ததாக ஒரு பத்திரம். ஈடாகப் போட்டிருக்கிற தொகை, வயலின் அளவைப் பார்த்தால் ஒரு போக நெல்லுக்குக்கூடக் காணாது. அடியில் கைநாட்டு.

வீட்டில் ஒரு பழைய தையல்பெட்டி உண்டு, உள்மூடியில் அழகான தமிழ் எழுத்தில் மையால் அந்தப் பெண் பேர். அது யார் பேர் என்று சின்ன வயசில் கேட்டதற்கு, பெட்டி செய்தவர் வீட்டுப் பெண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, லேஸ் பின்னத் தெரிந்த பெண் என்று இப்போதுதான் ஒரு தூரத்துச் சொந்தம் வாய் திறந்தது. எழுதத் தெரிந்தவள் எதுக்குக் கைநாட்டு வைத்தாள்?

சித்தி ரெண்டு முடிவு வைத்திருக்கிறாள். ஒன்றில் அவள் யாருடனோ ஊரைவிட்டுப் போயிருக்கிறாள், கைநாட்டு வேறு யாருடையதோ. மற்றது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. பெரியப்பாவுக்கு விஷயம் போய்விட்டது, நகலைத் திருப்பிக் கேட்டு ஆள் விட்டுக்கொண்டே இருக்கிறார்.

செங்கோட்டைக்காரர்:

அண்ணாச்சி, நான் காதல் பகுதியைப் புரட்டுகிற ஆளு, ஆனா அவ யாரோட போனான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.

தக்கலை வாசகி:

நகலைக் கொடுக்காதீங்க தம்பி. இன்றைக்கே போட்டோ எடுத்து சித்தி போனுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.