வெளிநாட்டிலிருந்து ஆயில் பெயின்டிங் அனுப்பணும்: சுருட்டலாமா, சட்டத்தோடயே அனுப்பணுமா?

மஞ்சள்காவி:
வணக்கம். வெளிநாட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வரைந்த எட்டுப் படங்கள் மூன்று மாதத்தில் ஊரில் ஒரு குழுக் கண்காட்சிக்குப் போய்ச் சேரணும். ஓவியப் படிப்பு கிடையாது, எல்லாம் தானாகக் கற்றதுதான். அடிப்படைக் கேள்வியா இருந்தா பொறுத்துக்கங்க.

ஐந்து படம் மெல்லிய ஆயில், பெரியது 90 × 120 செ.மீ. இரண்டு படம் கத்தியால் கெட்டியா அப்பினது. ஒன்று அக்ரிலிக். கடைசிப் படம் முடிந்து ஆறு வாரம்தான் ஆச்சு, அதில் கருப்பும் சிவப்பும் இன்னும் லேசா ஒட்டுது. சட்டத்தோட, அதாவது கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கிற மரச்சட்டத்தோட, அனுப்பினா செலவு தாங்காது. சுருட்டி அனுப்பலாமா? அதுக்கு முன்னாடி வார்னிஷ் அடிக்கணுமா?

ஆளிவிதை:
வார்னிஷ் வேண்டவே வேண்டாம். புது வார்னிஷ் மேல் தாளை வைத்துச் சுருட்டினா தாள் ஒட்டிக்கும், பிரிக்கும்போது தோலோட வரும். ரீடச் வார்னிஷும் (முழுசா காயறதுக்கு முன்னாடி தற்காலிகமா அடிக்கிற மெல்லிய வார்னிஷ்) அப்படித்தான். படம் போய்ச் சேர்ந்து, ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் காய்ந்த பிறகு பார்த்துக்கலாம்.

முதல்ல ஈரம். ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோட சேர்ந்து இறுகுது. அதனால மேல் தோல் இறுகின பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காயாது. அம்பர் (umber) என்கிற பழுப்பு மண் நிற வகைகளில் மாங்கனீஸ் இருக்கு, ஓரிரு நாளில் இறுகிடும். ஐவரி பிளாக் என்கிற கருப்பு, அலிசரின் என்கிற கருஞ்சிவப்பு, காட்மியம் சிவப்பு எல்லாம் சோம்பேறிகள். உங்க கருப்பும் சிவப்பும் ஒட்டுறதுக்கு அதுதான் காரணம், நீங்க எதையும் கெடுத்துடல.

சோதிக்கிற விதம்: படத்தில் கெட்டியான, கருமையான இடத்தைத் தேடுங்க, ஓரமா இருந்தா நல்லது. நகத்தால் மெதுவா அழுத்துங்க. பள்ளம் விழுந்து அப்படியே நின்றா உள்ளே ஈரம். விழலைன்னா, காது குடையும் பஞ்சுக் குச்சியை மணமில்லா தின்னரில் தொட்டு, பிழிந்துவிட்டு, ஒரு செ.மீ. நீளத்துக்கு இரண்டு முறை உருட்டுங்க. பஞ்சில் நிறம் ஏறினா இன்னும் காத்திருக்கணும்.

காய வைக்கணும்னா 20–25 டிகிரி, வெளிச்சம், மெதுவா ஓடும் மின்விசிறி. ஹீட்டர் மேலே சாய்ச்சு வைக்கிறது, ஹேர் டிரையர் பிடிக்கிறது ரெண்டும் கூடாது. தோல் மட்டும் வேகமா இறுகி, பால் ஏடு மாதிரி சுருங்கிடும். சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்காதீங்க, இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். சுருட்டி அனுப்பின படத்தைக் குழாயிலிருந்து எடுக்கும்போது வெள்ளை நிறம் கொஞ்சம் பழுப்பா தெரிஞ்சா பயப்படாதீங்க, வெயில் நேரா படாத வெளிச்சத்தில் சில நாள் வைத்தா பெரும்பாலும் தெளிஞ்சுடும்.

தபால்பெட்டி:
சுருட்டலாம், பிரச்சினையே இல்ல. வர்ணம் உள்பக்கம் வர்ற மாதிரி சுருட்டி போஸ்டர் குழாயில் போடுங்க. வெளியே கீறல் விழாது.

நாலுசட்டம்:
தபால்பெட்டி சொன்ன ரெண்டுமே வேண்டாம், மன்னிக்கணும் நண்பரே. வர்ணம் எப்பவும் வெளிப்பக்கம்தான். உள்ளே வைத்துச் சுருட்டினா வர்ணப் படலம் நெருக்கப்படுது, நெருக்கப்பட்ட படலம் வரப்பு மாதிரி எழும்பித் துணியை விட்டுப் பிரியும், விரிச்சாலும் படியாது. வெளியே இருந்தா கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். புது ஆயில் அந்த இழுப்பைத் தாங்கும். பல வருஷம் ஆன ஆயில் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், அதைச் சுருட்டவே கூடாது.

போஸ்டர் குழாய் ஏழெட்டு செ.மீ. விட்டம், ஓவியத்துக்கு அது பத்தாது. குறைந்தது 15 செ.மீ. வேணும். 160 மி.மீ. பிவிசி வடிகால் குழாய் சரியா இருக்கும், சுற்றளவு சுமார் 50 செ.மீ. 120 செ.மீ. படம் அதில் இரண்டரைச் சுற்றுதான் வரும். அதை 250 மி.மீ. குழாய்க்குள் நுழைக்கணும். 90 செ.மீ. அகலத்துக்கு மடிப்பு விளிம்போட சேர்த்து 100 ஆகும், ஆகவே உள்குழாய் 110, வெளிக்குழாய் 120 செ.மீ.

ஸ்டேப்பிளைப் பிடுங்கும்போது அவசரம் வேண்டாம். தட்டையான ஸ்க்ரூடிரைவரை ஸ்டேப்பிளின் ஒரு காலுக்கு அடியில் செருகி லேசா நெம்பி, மறுபாதியை இடுக்கியால் இழுங்க. விளிம்புத் துணியை வெட்டிடாதீங்க, திரும்ப இழுத்துக் கட்ட அந்த நாலஞ்சு செ.மீ. வேணும். சட்டத்தை அனுப்பப் போறதில்லைன்னா நாலு பக்கத்தையும் ரெண்டு மூலைவிட்டத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுதிக்கங்க. மலிவான சட்டம் ரெண்டு மூணு மி.மீ. கோணலா இருக்கும், ஊரில் சரியான அளவில் புதுசு செய்தா படத்தின் ஓரம் எட்டாது.

சுத்தமான மேசையில் கிளாசின் தாள் (வழவழப்பான, பாதி ஒளி ஊடுருவும் தாள்) விரிச்சு, படத்தைக் கவிழ்த்து, அதன் முதுகில் குழாயை வைத்து உருட்டுங்க. ஐந்தையும் அடுக்கி ஒரேயடியா உருட்டினா ஒன்றுக்கொன்று வழுக்கிச் சுருக்கம் விழும். ஒவ்வொன்றா உருட்டுங்க, நடுநடுவே தாள். வர்ணம் கொஞ்சம் கனமா இருக்கிற படம் கடைசியா, வெளிச்சுற்றில் வரட்டும், அங்கே வளைவு குறைவு. கட்ட மூன்று செ.மீ. அகல பருத்தி நாடா, மூன்று இடத்தில். ரப்பர் பேண்டும் சணலும் தடம் பதிக்கும். பப்பிள் ராப் வர்ணத்தைத் தொடவே கூடாது, வட்ட வட்டமா அச்சு விழும். எல்லாத்துக்கும் மேலே பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டுங்க, ரெண்டு முனையிலும் ஃபோம் வட்டம் வெட்டி வைத்து உள்குழாயை நடுவில் நிறுத்துங்க.

கத்தி வேலை ரெண்டும் சுருட்டுற ஜாதி இல்ல. பெரும்பாலும் தானாகவே கற்ற ஓவியர் வான்கோ தென் பிரான்சிலிருந்து தம்பிக்குச் சுருளாவும் அடுக்காவும் படம் அனுப்பினவர். அவருடைய சில படங்களில் கெட்டி வர்ணத்தின் மேடு அமுங்கி, இன்னொரு கேன்வாஸின் நெசவே அதில் பதிஞ்சிருக்கு. ஈரத்தோட அடுக்கினதன் விலை அது. அந்த ரெண்டையும் சட்டத்தோட, ஆழமான பெட்டியின் அடிப்பலகையில் பின்னாலிருந்து திருகு போட்டு நிறுத்துங்க. வர்ணத்தின் உச்சிக்கும் மூடிக்கும் இடையே மூன்று செ.மீ. வெற்றிடம் இருக்கணும்.

மஞ்சள்காவி:
ரொம்ப நன்றி. அக்ரிலிக்கை அந்த ஐந்தோட சேர்த்துச் சுருட்டலாமா? கஸ்டம்ஸ் தாளில் என்ன எழுதணும்?

நாலுசட்டம்:
தனியா சுருட்டுங்க, அதே விட்டம். அக்ரிலிக் சூட்டில் இளகி ஒட்டும், 5 டிகிரிக்குக் கீழே நொறுங்கும். விமானச் சரக்கறையிலும் கிடங்கிலும் ரெண்டுமே நடக்கலாம். கிளாசின் அதில் ஒட்டிக்கும், கேக் சுடும்போது விரிக்கிற, சிலிக்கோன் பூசின பேக்கிங் தாள் வைங்க. எந்தக் குழாய் வந்தாலும் ஊரில் 24 மணி நேரம் திறக்காம அறையில் கிடக்கட்டும். குளிர்ந்த படத்தை உடனே பிரிச்சா மேலே வியர்க்கும்.

சரக்குச்சீட்டு:
கஸ்டம்ஸுக்கு: சரக்கு வகைக் குறியீட்டில் தலைப்பு 9701, கையால் முழுவதும் வரைந்த ஓவியம். நூறு வருஷத்துக்கு உட்பட்ட ஓவியம்னா 9701.91. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், அளவு, ஆண்டு, ‘கேன்வாஸில் ஆயில், வரைந்தவரே அனுப்புகிறார்’, விலை, முன்பக்கம் பின்பக்கம் புகைப்படம். ‘பரிசு’ன்னோ மதிப்பு பூஜ்யம்னோ எழுதாதீங்க. தொலைஞ்சா காப்பீடும் பூஜ்யம்தான். கண்காட்சி விலைப்பட்டியலும் இந்தத் தொகையும் ஒத்துப்போகணும். விற்காம திரும்பி வரப்போற படம்னா ஏடிஏ கார்னே (வரி கட்டாம தற்காலிகமா பொருளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர உதவும் கஸ்டம்ஸ் ஆவணம்) பாருங்க, அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும், ரெண்டு நாடும் அந்த ஏற்பாட்டில் இருக்கணும். விற்கிற எண்ணம் இருந்தா அது சரிப்படாது.

கத்தி வேலைப் பெட்டியை ப்ளைவுட்டில் செய்யுங்க. திட மரப் பலகைன்னா ஐஎஸ்பிஎம் 15 (மரப் பெட்டியில் பூச்சி பரவாம தடுக்கிற சர்வதேச விதி) முத்திரை வேணும், அதாவது மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கினது. ப்ளைவுட்டுக்கு விலக்கு உண்டு.

செலவு தாங்காதுன்னு சொன்னீங்க. விமானக் கூரியர் பலதும் நீளம் × அகலம் × உயரம் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுக்கும். உங்க குழாய் 120 × 25 × 25, அதாவது 15 கிலோ கணக்கு. எட்டையும் சட்டத்தோட 130 × 100 × 35 பெட்டியில் போட்டா 91 கிலோ. டர்ப்பென்டைன், ஸ்ப்ரே வார்னிஷ் எதையும் பார்சலில் ஒளிச்சு வைக்காதீங்க, மொத்தமும் நின்னுடும்.

ஆளிவிதை:
ஒட்டுற அந்தக் கடைசிப் படம் கிளம்பற வாரத்திலும் பஞ்சில் நிறம் விட்டா, அதைக் குழாயில் சேர்க்காதீங்க. கத்தி வேலைப் பெட்டியிலேயே மூணாவதா திருகி அனுப்புங்க, பெட்டியை அந்த அளவுக்குச் செய்தா போதும்.