ஹாமுக்குப் பதில் சைவத்தில் என்ன செய்யலாம்?

பெரம்பூர்வாசி:
கிறிஸ்துமஸ் விருந்தில் எங்கள் வீட்டில் ஹாம், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி, கட்டாயம் உண்டு. இந்த வருடம் அப்பாவுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், புதிதாக வந்த அண்ணியும் சைவம். எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஏதாவது சொல்லுங்களேன்.

ராயபுரம் அக்கா:
தம்பி, மைதாவைப் பிசைந்து ஊறவைத்து, தண்ணீரில் கசக்கிக் கழுவிக்கொண்டே வந்தால் மாவுச்சத்து போய் ரப்பர் மாதிரி புரதம் மிஞ்சும், அதுதான் சைட்டான். பீட்ரூட் சாறு, கிராம்பு, மிளகு, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, துணியில் இறுகச் சுற்றி ஆவியில் வேகவைத்து, மறுநாள் மெல்லியதாக நறுக்குங்கள். கடிக்க இறைச்சி மாதிரியே இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டாம்.

வியாசர்பாடி தோழன்:
கடையில் விற்கும் சைவ ஹாம் என்றால் அட்டையைப் படித்து வாங்குங்கள், அதிலும் உப்பு நிறைய இருக்கலாம். ஆனால் மாறுவது ரொம்ப நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்திவிட்டது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறதாம்.

பெரம்பூர்வாசி:
சரி அக்கா, சைட்டானே செய்கிறேன். எவ்வளவு நேரம் வேகவேண்டும்?

ராயபுரம் அக்கா:
முக்கால் மணி நேரம். மேலே அன்னாசித் துண்டு வைத்து வாட்டிக் கொடுங்கள்.