ரக்பி விளையாடும் மகனுக்கு மவுத்கார்ட், பூட்ஸ்: உதவி தேவை
அண்ணாமார், அக்காமார், வணக்கம். மகன் கண்டியில் பாடசாலை ரக்பி அணியில் சேர்ந்திருக்கிறான், ஸ்க்ரமில் (இரு அணியும் தலைகுனிந்து கோத்துத் தள்ளும் இடம்) முன்வரிசை. எனக்குப் பெரிய கவலை அவனுடைய பல்தான், கம்பி போட்டிருக்கிறான். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மவுத்கார்ட் (வாய்க்குள் போடும் பல் காப்பு) இதற்குச் சரிவருமா, பல் வைத்தியரிடம் அளவெடுத்தே செய்ய வேண்டுமா? செய்தவர்கள் இடத்தையும் செலவையும் சொல்லுங்கள்.

அப்புறம் பூட்ஸ். மழைச்சேற்றில் வழுக்காத, ஸ்டட் (அடியில் இருக்கும் குமிழ்) கழற்றி மாற்றக்கூடியது வேண்டும். ஸ்டட் 21 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கூராகவும் இருக்கக்கூடாது. 8ஆம் அளவில் நல்ல பழைய சோடி இருந்தாலும் வாங்குவேன்.

ஸ்க்ரம் கேப் (தலையில் போடும் மெத்தென்ற தொப்பி) காதைக் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது என்று தெரியும். இருந்தாலும் வாங்கத்தான் போகிறேன். நல்லதாக எங்கே கிடைக்கும்?