ராணிக்கு வந்த தலைவலி

கதையில் வருகிறவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற பேச்சு எனக்கு ஒரு பட்டறையில் நடந்தது.

மதுரை தெற்காவணி மூல வீதியில் அம்மாவின் கொலுசைப் பற்றவைக்கக் கொடுத்திருந்தேன். பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்த ஆசாரி, குழலை இறக்கிவிட்டு என் கையிலிருந்த சிலப்பதிகாரத்தைப் பார்த்தார். "எங்க ஆளைத்தான் அதுல வில்லனாக்கிட்டாங்க. அது கிடக்கட்டும் தம்பி. ஒரு மூக்குத்தி வந்தாலே நாங்க உரசிப் பாக்காம வாங்க மாட்டோம். ஒரு ராஜா, சிலம்பைக் கண்ணால பாக்காமலேயே ஆளை வெட்டச் சொல்லுவானா?"

நியாயமான கேள்வி. கோவலன் வெட்டுப்படும் பகுதியான கொலைக்களக் காதையைப் பிரித்தேன். பொற்கொல்லன் அரசனைப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் இளங்கோவடிகள் ஒரு சின்ன விஷயத்தை வைத்திருக்கிறார். ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் அரசன் மனம் பறிகொடுத்துவிட்டான் என்று தேவிக்கு ஊடல். அதை மறைத்து, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். சமாதானம் செய்யப் பின்னாலேயே போகிறான் பாண்டியன். அந்தப்புர வாசலில்தான் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அந்த நேரத்தில் அரசன் மனசில் வழக்கு இல்லை, தேவியின் முகம்தான் இருக்கிறது. கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான்.

வினை விளையும் காலம் என்றும் அடிகள் அங்கே சொல்கிறார்தான். ஆனால் பாரத்தை முழுக்க ஊழின் தலையில் போடவில்லை. மனுஷக் காரணத்தை முன்கூட்டியே, சத்தமில்லாமல் வைத்துவிட்டார். காப்பியத்தில் நான் மிகவும் மதிக்கிற கைவேலை இது.

"சரி, காவலாளுங்க?" என்றார் ஆசாரி. அவர்களுக்கும் சந்தேகம் வருகிறது. இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்களின் 8 உபாயங்களை அடுக்க ஆரம்பிக்கிறான். பேச்சு நீண்டுகொண்டே போகிறது. கொலையோ சில அடிகளில் முடிந்துவிடுகிறது. வெட்டியவன் பேர்கூட இல்லாத ஒரு குடிகாரன்.

"திருடினது அந்தப் பொற்கொல்லன்தானே, அதான் அம்புட்டுப் பேசுறான்" என்றார் ஆசாரி, கொலுசைத் தண்ணீரில் முக்கியபடி. அவன் பேச்சின் நீளத்தையே ஒரு சாட்சியாக நான் அதுவரை வாசித்ததில்லை.

ஆனால் அரசனை மட்டும் அவர் விடவில்லை. "பொண்டாட்டி கோபத்தைத் தணிக்க ஊரான் தலையா?" என்றார். காரணம் புரிகிறது என்பதற்காக அவனை மன்னிக்க எனக்கும் தோன்றவில்லை.