இன்-இயரில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வியாசர்பாடியில் எங்கள் குழு கானாவும் மெல்லிசையும் பாடுகிறது. காசிமேடு, ராயபுரம் பக்கம் திருவிழா, கல்யாண மேடைகள்தான் அதிகம். இப்போது பாடும்போது எங்கள் சத்தத்தை நாங்களே கேட்க, காதுக்குள் மாட்டும் இன்-இயர் இயர்போனுக்கு மாறியிருக்கிறோம். டோலக், கீபோர்டு, பேஸ் எல்லாம் நடு மண்டையில் குவிந்து, என் குரல் அடியில் போய்விடுகிறது. வால்யூமை ஏற்ற மாட்டேன். 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம் என்றால் 88-க்கு 4 மணி நேரம்தான் பாதுகாப்பு வரம்பு; காதுதான் நம் பிழைப்பு.

மிக்சர் பெஹ்ரிங்கர் எக்ஸ்32. எனக்கு ஒரே பஸ்ஸில் (மிக்சர் ஒலிகளைக் கலந்து வெளியே அனுப்பும் தடம்) மோனோவாக, அதாவது இரு காதிலும் ஒரே ஒலியாக வருகிறது. இரண்டு பஸ்ஸை இணைத்து ஸ்டீரியோவாக்கி, டோலக்கை இடப்பக்கம், கீபோர்டை வலப்பக்கம் தள்ளிவிட்டு, குரலை நடுவில் வைத்தால் தெளியுமா? அப்புறம், சவுண்ட் அண்ணன் வெளி ஸ்பீக்கருக்காக ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) நகர்த்தினாலே என் காதிலும் அளவு மாறுகிறது. என் பஸ்ஸுக்குப் போகும் சென்டை, ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் ப்ரீ-ஃபேடராக மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

கூட்டத்தின் விசிலும் கைதட்டலும் இல்லாமல் கானா பாடுவது ரொம்பக் கஷ்டம். ஒரு காதைக் கழற்றினால் மற்றதில் சத்தம் கூட்டத் தோன்றும், அதனால் அதுவும் வேண்டாம். தெருமுனை மேடையில், கூட்டத்தின் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவரும் ஆம்பியன்ஸ் மைக்கை எங்கே வைக்கிறீர்கள்? பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒத்திகைக்கு வந்து காட்டித் தந்தால் பெரிய உதவி.