முழங்கால் ஏலாத அம்மாவோட கோணேசர் கோயிலுக்குப் போகலாமோ? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்கோ

மட்டுநகர்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு 63 வயசு, மாசி மாதம் கிணத்தடியில வழுக்கி விழுந்து வலது முழங்காலில மெனிஸ்கஸ் (மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) கிழிஞ்சிட்டுது. ஒபரேசன் தேவையில்லை, பயிற்சி செய்தாக் காணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இப்ப பட்டி போட்டு பொல்லோட நடக்கிறா, ஆனா 10 நிமிசத்துக்கு மேல நடந்தா வீங்குது, படி ஏறுறதை விட இறங்கிறதுதான் நோகுதாம். அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க கோணேசருக்கு நேர்த்தி வைச்சவா, அப்பா இப்ப நல்லா இருக்கிறார், ஆடிக்குள்ள அந்தக் கடனை முடிக்கோணும் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல. ஓட்டோ எவ்வளவு தூரம் மேல போகும்? கன்னியா சுடுதண்ணிக் கிணறு, நிலாவெளிக் கடற்கரை எல்லாம் ரெண்டு நாளில ஏலுமோ? நான் சின்னப்பிள்ளையில வந்தது, ஏற்றம் எண்டது மட்டும்தான் ஞாபகம்.

உவர்மலையான்:
தங்கச்சி, தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஆனா கோட்டை வாசலில இருந்து நடக்க நினைக்காதேங்கோ. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால, கோயில் இருக்கிற சுவாமிமலை மட்டும் போற ரோட்டு முழுக்க ஏற்றம்தான். ஓட்டோ பிடிச்சா மேல கடையள் இருக்கிற இடம் வரை போகும், அதுக்குப் பிறகு கொஞ்சத் தூரம்தான் நடை, ஆனா அந்தக் கொஞ்சமும் செருப்பில்லாமல். ஆடியில கச்சான் காத்து அடிக்கேக்க 10 மணிக்குப் பிறகு தரை அடுப்புக் கல்லு மாதிரிக் கிடக்கும், சூட்டுக்கு எட்டிக் கால் வைச்சாத்தான் முழங்கால் திருகும். அதனால காலமைப் பூசைக்கே வந்திடுங்கோ. வெள்ளிக்கிழமை வேண்டாம், சனம் நெரிக்கும், பொல்லோட நிக்கிற ஆளை இடிச்சுப்போட்டுப் போவாங்கள்.
வாசலில ஓட்டோவை ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்கோ. அங்க கல்லில மீன் சின்னமும் உடைஞ்ச தமிழ்க் கல்வெட்டும் இருக்கு, அம்மா இறங்காமலே பாக்கலாம். 1622ல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டுதான் கோட்டையைக் கட்டினவங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில நெஞ்சு ஒரு மாதிரி ஆகும். மேல போனா சாமி கும்பிட்டிட்டு ஆறுதலா இருங்கோ. இராவணன் வெட்டு எண்டு சொல்லுற பாறைப் பிளவை எட்டிப் பாக்கிற பக்கம் அம்மா போக வேண்டாம், காத்தும் பலம், பாறையும் சரிவு.

நிலாவெளி_அக்கா:
எனக்கும் போன வருசம் இடது முழங்கால் போனது, அதால சொல்லுறன். முதல் ரூம் பாருங்கோ, கீழ்த்தட்டு ரூம், கொமட் இருக்கோ எண்டு போன் எடுத்துக் கேளுங்கோ, குந்துற கக்கூஸ் எண்டா அம்மா ரெண்டு நாளும் தண்ணி குடிக்கப் பயந்துகொண்டு இருப்பா, நான் அப்பிடித்தான் இருந்தனான். நிலாவெளிக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாத்தீவை விடுங்கோ. தூரம் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்தான், ஆனா அலைக்குள்ள நிண்டு படகில கால் தூக்கி ஏறோணும், அங்க இறங்கினா கரையெல்லாம் உடைஞ்ச முருகைக்கல்லு. நிலாவெளிக் கரையில பின்னேரம் ஒரு கதிரை போட்டு இருந்தாலே காணும், மணலில தூரம் நடக்க விடாதேங்கோ, கால் புதையேக்க முழங்கால்தான் பாரம் தாங்கும்.
கன்னியா போகலாம், டவுணில இருந்து ஒரு 8 கிலோமீட்டர் வரும். ஏழு கிணறும் கிட்டக் கிட்ட, வாளியால அள்ளி ஊத்துறதுதான். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் எண்டு சொல்லுறது.

பிசியோ_தம்பி:
கன்னியாவில நான் அக்காவோட கொஞ்சம் மாறுபடுறன். கிணத்தடியில வழுக்கி விழுந்த ஆள், அங்கயும் கிணத்தடி முழுக்க ஈரம். போனா நீங்கள் அள்ளிக் குடுங்கோ, அம்மா ஒரு இடத்தில இருந்து ஊத்தட்டும். முழங்கால் வீங்கிச் சூடா இருந்தா சுடுதண்ணி அதுக்கு நல்லதில்லை, அந்த நேரம் ஐஸ்தான் வைக்கோணும், துணியில சுத்தி 15 நிமிசம்.
பொல்லு எந்தக் கையில பிடிக்கிறா? வலது கால் நோ எண்டா இடது கையில பிடிக்கோணும், கனபேர் மாறித்தான் பிடிக்கினம். படி ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நோக்கால் முதல், பொல்லும் அதோடயே கீழ வரோணும். வீட்டில ரெண்டு படியில இப்பவே பழக்குங்கோ. மட்டக்களப்பில இருந்து வாறதே மூண்டு மணித்தியாலம் வரும், முழங்காலை மடக்கினபடி அவ்வளவு நேரம் இருந்தா இறங்கேக்க விறைச்சுப்போகும், வாகரையிலயும் வெருகல் கோயிலடியிலயும் இறக்கி நாலு அடி நடக்க விடுங்கோ.

உவர்மலையான்:
தம்பி சொன்னது சரி. இன்னொண்டு தங்கச்சி, தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலை விட்டிடாதேங்கோ. வயல்வெளிக்குள்ள சமதரை, ஏற்றமே இல்லை. கோயில் இடிபடேக்க ஒளிச்சு வைச்ச மூர்த்தியளைத்தான் பிறகு அங்க வைச்சதெண்டு ஊர்ச்சனம் சொல்லும். மலையில அம்மாக்கு ஏலாமப் போனாலும் கோணேசருக்கு வைச்ச நேர்த்தி அங்க நிறைவேறும், அதை முதலே அம்மாட்டச் சொல்லி வையுங்கோ, பிறகு மேல போயே ஆகோணும் எண்டு காலை வருத்தமாட்டா.

மட்டுநகர்_மகள்:
போயிட்டு வந்திட்டம், உங்கள் எல்லாருக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னவா. முதல் நாள் தம்பலகாமம், அடுத்த நாள் விடியக் கோணேசர். ஓட்டோக்கார அண்ணை கடையடியில இறக்கிவிட்டிட்டுப் போகாமக் காத்துக்கொண்டு நிண்டார். அம்மா மூண்டு இடத்தில நிண்டு நிண்டு ஏறினவா, இறங்கேக்க "நோக்கால் முதல், நோக்கால் முதல்" எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவா. கன்னியாவில அவாவை இருத்திப்போட்டு நான்தான் அள்ளி ஊத்தினனான், முழங்காலை மட்டும் நனைக்காமல். ராவைக்குக் கொஞ்சம் வீங்கினது, ஐஸ் வைக்க வத்திட்டுது. நிலாவெளிக்கு நேரம் காணாமப் போச்சு.