வெஸ்டர்ன் ஸ்விங் நிதி நிகழ்ச்சி: அரங்கில் நாற்காலியா, நடனத் தளமா?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். டெக்சஸில் நாங்கள் வசிக்கும் சிற்றூரின் உணவு வங்கிக்கு நிதி திரட்ட ஓர் இசை மாலையை ஏற்பாடு செய்து வருகிறோம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெஸ்டர்ன் ஸ்விங் என்னும் அமெரிக்க நடன இசையை வாசித்துவரும் மூத்த குழு ஒன்று, வழக்கமான ஊதியத்தில் பாதியைப் பெற்றுக்கொண்டு வாசிக்க மனமுவந்து இசைந்துள்ளது. ஆட இடம் விடாமல் அரங்கு முழுவதும் நாற்காலிகளைப் போட்டால் கூடுதலாக நூறு சீட்டுகள் விற்கலாம் என்பது எங்கள் குழுவில் பெரும்பாலோரின் கருத்து. எனக்கோ அதில் மனம் ஒப்பவில்லை. மேலும், சீட்டு வாங்குவோருக்கு அதன் விலை முழுவதற்கும் வருமான வரிவிலக்கு உண்டு என்று விளம்பரத்தில் போடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நாற்காலிகளால் அரங்கை நிரப்பிவிடாதீர்கள். இந்த இசை பிறந்ததே ஆடுவதற்காகத்தான். 1930களில் ஃபோர்ட் வொர்த்தின் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நடன அரங்கில் மில்டன் பிரவுனும், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கெய்ன்ஸ் பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் பாப் வில்ஸும் என இந்த இசையின் முன்னோடிகள் வாசித்தது ஆட வந்த கூட்டத்துக்கு. நாட்டுப்புற ஃபிடில் (வயலின்) இசையோடு ஜாஸையும் புளூஸையும் கலந்து, டிரம்ஸையும் ஊதுகருவிகளையும் வில்ஸ் சேர்த்துக்கொண்டதால்தான் அந்தத் தாளம் பெரிய கூடங்களையும் நிறைத்தது. பிரவுனின் குழுவில் ஸ்டீல் கிட்டார் (கிடத்தி வைத்து வாசிக்கும் கிட்டார்) வாசித்த பாப் டன், 1935இலேயே அக்கருவிக்கு மின்னொலி ஏற்றி இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டார். டெக்சஸ் மாநிலம் 2011இல் தன் அதிகாரபூர்வ இசையாக ஏற்றுக்கொண்டதும் இந்த வெஸ்டர்ன் ஸ்விங்கைத்தான்.

சென்ற ஆண்டு இப்படியொரு மாலைக்குப் போயிருந்தேன். மரத்தளத்தில் காலணி வழுக்கிச் செல்வதற்காக மெழுகுத்தூளைத் தூவியிருந்தார்கள். வால்ட்ஸ் என்னும் ஜோடி நடனத்துக்கான முதல் பாடல் தொடங்கியதும், கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு முதியவர் தம் மனைவியின் கையைப் பிடித்துத் தளத்துக்கு நடந்தார். ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பாடலை இன்னும் ஒரு சுற்று நீட்டினார். வரிசை நாற்காலிகளுக்கு நடுவே இது நடந்திருக்க வழியே இல்லை.

டூ-ஸ்டெப் என்னும் ஜோடி நடனத்தை ஆடுவோர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தளத்தைச் சுற்றி வருவார்கள் என்பதால், நான்கு ஓரங்களிலும் தடையில்லாத பாதை வேண்டும். ஆடாதவர்களுக்குப் பின்பகுதியில் மேசைகளைப் போடுங்கள்.

மறுமொழி 2:
வரி பற்றி மட்டும் சொல்கிறேன். முழுத் தொகைக்கும் விலக்கு உண்டு என்று விளம்பரம் செய்யக் கூடாது. உங்கள் அமைப்பு அமெரிக்க வரிச் சட்டத்தில் அறநிறுவனங்களுக்கான 501(சி)(3) பிரிவில் பதிவு பெற்றிருந்தாலும், வந்தவர் பெற்றுக்கொண்ட உணவு, இசை ஆகியவற்றின் சந்தை மதிப்பைக் கழித்த பிறகு எஞ்சும் தொகைதான் நன்கொடை. எடுத்துக்காட்டாக, சீட்டு 100 டாலர், நிகழ்ச்சியின் மதிப்பு 40 டாலர் என்றால், 60 டாலரை மட்டுமே நன்கொடையாகக் காட்ட முடியும். செலுத்தும் தொகை 75 டாலரைத் தாண்டும்போது, இந்தக் கணக்கை அமைப்பே எழுத்தில் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

குழு பாதி ஊதியத்துக்கு வாசிப்பதால் நிகழ்ச்சியின் மதிப்பும் பாதியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அத்தகைய நிகழ்ச்சிக்கு வெளியில் என்ன விலையோ அதுவே கணக்கு. அதேபோல், இசைக் கலைஞர்கள் விட்டுக்கொடுத்த உழைப்பின் மதிப்பை அவர்கள் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே அவர்களுக்கு மேடையிலேயே மனமார நன்றி சொல்லுங்கள். பாடல்களைப் பொதுவில் வாசிப்பதற்கு ஆஸ்காப், பிஎம்ஐ என்னும் பாடல் உரிமை அமைப்புகள் தரும் உரிமங்கள் அரங்கிடம் உள்ளனவா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மறுமொழி 3:
இருவர் சொன்னதும் சரி. நிதி வேண்டுகோள் உரையை இரண்டு சுற்று வாசிப்புக்கு இடையிலுள்ள ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சூடுபிடித்த வேளையில் இசையை நிறுத்திப் பேசினால், தளம் மீண்டும் நிறைய நேரமாகும். எழுபதைக் கடந்த கலைஞர்கள் இருந்தால், ஒலிபெருக்கிகளைச் சுமக்க இளைஞர்கள் நால்வரைப் பின்வாசலில் நிறுத்துங்கள். எங்கள் நிகழ்ச்சியில் இதை மறந்து, அவர்கள் களைத்துப்போய் மேடையேறியதைப் பார்த்து நான் மிகவும் வருந்தினேன்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டினேன். மேடைக்கு முன்னுள்ள பாதி இடத்தைத் தளமாக விடுவதென்றும், சீட்டிலேயே நன்கொடைப் பகுதியைத் தனியே அச்சிடுவதென்றும் முடிவாயிற்று. பின்வாசலில் நிற்க என் மகனும் அவன் நண்பர்கள் மூவரும் முன்வந்துள்ளனர்.